வாசலில் நின்றவன்

கடற்கரையில் பிறந்துவிட்டுக் கடலைக் கண்டாலே கால் நடுங்குகிறவன் பிழைப்புக்கு எங்கே போவான்? கிளிட்டஸ் வளைகுடாவில் இருக்கும் ருவைஸுக்குப் போனான். குளச்சல் பக்கத்து ஆள். அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்கள். இவனும் பத்தொன்பது வயதிலிருந்து போனவன்தான். ஒரு புயலில் வள்ளம் கவிழ்ந்து, எண்ணெய் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தண்ணீரில் கிடந்தான். கூடக் கிடந்தவர்களில் இரண்டு பேர் கை சோர்ந்து மூழ்கிப் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தான். கரைக்கு வந்தபிறகு அலைச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். இதைப் போய் ஊரில் யாரிடம் சொல்வது? முதுகு வலி என்றான், கண் மங்கல் என்றான், கடைசியில் ஓர் ஏஜெண்டைப் பிடித்து செக்யூரிட்டி வேலைக்கு விசா வாங்கிக்கொண்டு விமானம் ஏறினான். ருவைஸிலும் கடல் உண்டு. ஆனால் அது ரிஃபைனரி வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது, இவனை வா என்று கூப்பிடவில்லை.

அவனுக்குக் கிடைத்தது ஒரு ஹைப்பர் மார்க்கெட்டின் வாசல். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே டியூட்டி. உள்ளே வருகிறவர்களின் பெரிய பைகளை பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட வேண்டும். பெண்களின் கைப்பையைக் கட்டக் கூடாது, திறந்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்குள் கடையில் விற்கிற மாதிரிப் பொருள் ஏதாவது இருந்தால் அதன் மேல் வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டி அனுப்ப வேண்டும். வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். ஸ்டிக்கர் இல்லையென்றால் அது கடைப் பொருள், பேச்சே கிடையாது. ஒட்டாமல் விட்ட காவல்காரன் அன்றைக்கே சைட்டை விட்டுப் போக வேண்டும் என்று காவலர்களின் கார்டு ரூம் சுவரில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

திருடுகிறவர்களை எப்படி நிறுத்துவது என்று மூன்று நாள் வகுப்பும் நடத்தியிருந்தார்கள். எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும், ஒளித்ததைப் பார்த்திருக்க வேண்டும், பில் கவுண்டரைத் தாண்டும்வரை கண் எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நொடி ஆளைத் தவறவிட்டாலும் விட்டுவிட வேண்டும். ஒருவனாக நிறுத்தக் கூடாது, சாட்சிக்கு இன்னொருவர் வேண்டும். பெண்ணென்றால் லேடி கார்டு வந்துதான் பேச வேண்டும். தொடக் கூடாது. திருட்டு என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. பில் போடாத பொருள் ஒன்று இருப்பது போலத் தெரிகிறது, கொஞ்சம் உள்ளே வருகிறீர்களா என்று பந்திக்குக் கூப்பிடுவது போல மரியாதையாகக் கூப்பிட வேண்டும். இந்தப் பாடத்தையெல்லாம் கிளிட்டஸ் நன்றாகவே படித்திருந்தான். படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அவன் ஃபைலில் இருந்தது. ஏற்கெனவே இரண்டு வார்னிங். ஒன்று, சிறுநீரகக் கல் வலி தாங்காமல் வாசலிலேயே உட்கார்ந்ததற்கு. இன்னொன்று, டியூட்டியில் போன் பேசியதற்கு. மூன்றாவது வந்தால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது, பெயர்ப் பட்டியல் சூப்பர்வைசர் கௌஸ் முகைதீனின் மேஜையில் கிடந்தது. இங்கிருந்து அனுப்பினால் ஊரில் அவனுக்கு வள்ளத்தைத் தவிர வேறு வேலை இல்லை. அண்ணன்மார் போனில் பேசும்போதெல்லாம், வா, ஓர் ஆள் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று ஆசையாகச் சொன்னார்கள். அவன் போனை வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொள்வான்.

அந்தக் கல் வலி நாளில் அவனைத் தூக்கி நிறுத்தியவள் சுகிர்தராணி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனுடைய ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி, வேறு பங்குக் கோயிலைச் சேர்ந்தவள். சர்ச்சில் பார்த்துப் பழக்கம். ஆஸ்பத்திரி வரிசையில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் நேராகக் கொண்டுபோய் ஊசி போடவைத்தாள். மூன்று நாள் லீவு எழுதிய சீட்டை வாங்கி, கௌஸ் முகைதீனுக்கு அவளே போனும் செய்தாள். அவள் புருஷன் பத்திநாதன் ரிஃபைனரியில் டெக்னீஷியன். முன்கோபி. பிளாண்டில் யாரோ கைநீட்டியதற்குத் திருப்பிக் கைநீட்டி ஒருமுறை வேலை போகிற நிலைக்குப் போய்த் தப்பியவர். பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரில் அவள் அம்மையோடு இருந்தார்கள்.

ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. மூன்றரை மணிக்கு சுகிர்தராணி டியூட்டி முடிந்து நீலச் சுடிதாரில் வந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறாள், ஒரு மாத லீவு. முகத்தில் அப்போதே பாதி ஊர் வந்திருந்தது. கேட்காமலேயே கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே கண்ணாடித் தாள் சுற்றிய ஒரு சென்ட் பாட்டில் பெட்டி இருந்தது. பத்திநாதன் பாஸ்போர்ட் வேலையாக அபுதாபி போனபோது எங்கோ ஒரு கடையில் வாங்கி வந்ததாம். தன் கூடப்பிறந்த தங்கைகள் இரண்டு பேர் என்பது அந்த மனுஷனுக்குக் கடையில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. ஒன்றே ஒன்று வாங்கி வந்துவிட்டார். நாத்தனார் இருவருக்கும் ஒரே மாதிரி கொடுக்காவிட்டால் லீவு ஒரு மாதமும் அந்தப் பேச்சுதான் ஓடும் என்று சொல்லிச் சிரித்தாள். இதே பெட்டி இந்தக் கடையில் இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் கொண்டுவந்திருந்தாள்.

கிளிட்டஸ் பச்சை ஸ்டிக்கரைச் சுருளிலிருந்து உரித்துவிட்டான். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒட்டாத தம்பி," என்றாள். "பொறவு உரிச்சா தாளு கீறிப் போவும். பெரியவளுக்க கண்ணு நேரா அதுலதான் போயி நிக்கும்."

அவன் ஒரு கணம் யோசித்தான். யோசித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. ஐம்பது தடவை வந்து போகிற ஆள், தன்னை டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திய அக்கா, அவளிடம் போய்ச் சட்டம் பேசுவதா என்று தோன்றியது. ஸ்டிக்கரைத் தன் பேண்டிலேயே ஒட்டிக்கொண்டு, போங்கக்கா என்று கையைக் காட்டினான். நம்முடைய ஆட்களுக்கு இது ஒரு வியாதி. சொந்த ஊர்க்காரரைச் சோதனை போடுவதை அவமானம் என்று நினைப்போம். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவருக்கும் அது உபகாரமாகத்தான் தெரியும்.

சென்ட் அலமாரியில் அதே பெட்டி ஒன்றே ஒன்று இருந்தது. அதன் தாள் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. சுகிர்தராணி தன்னுடையதை வெளியே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழிந்ததை வாங்கினால் அது யாருக்கு என்று ஒரு பஞ்சாயத்து வரும். வேண்டாம் என்று கிழிந்த பெட்டியை அலமாரியில் வைத்தாள், நல்ல பெட்டியைக் கைப்பையில் போட்டாள். வேறு ஒன்றும் வாங்கவில்லை.

கேமரா அறையில் இருந்த நேபாளிக்கு அவள் முதுகு தெரிந்தது, பையிலிருந்து எடுத்தது தெரியவில்லை. ஒரு பெண் கையில் இரண்டு பெட்டி இருந்தது தெரிந்தது, ஒன்று அலமாரிக்கும் ஒன்று கைப்பைக்கும் போனது தெரிந்தது. அவன் கண்ணை எடுக்கவே இல்லை. வகுப்பில் சொன்னபடி கவுண்டர் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு வாக்கிடாக்கியில் சொன்னான். நீலச் சுடிதார், ஒரு சென்ட், பொருள் வாங்காதவர்கள் போகிற வழியில் வருகிறாள். லேடி கார்டு சப்ரீனா போக வேண்டும், கிளிட்டஸ் சாட்சிக்கு நிற்க வேண்டும்.

நீலச் சுடிதார் என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே கிளிட்டஸுக்கு விஷயம் முழுவதும் புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே பொத்தானை அமுக்கி, அது அவங்க பொருள், நான் பார்த்தேன் என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வாக்கிடாக்கியில் சொன்னால் கடையிலுள்ள பத்து கார்டுக்கும் கேட்கும், மேனேஜருக்கும் கேட்கும். உள்ளே போனதும் கௌஸ் சாரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கோழைத்தனம் முதலில் வரும்போது யோசனை மாதிரித்தான் வரும்.

சப்ரீனா மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய், சிரித்த முகமாக, ஒரு கை தூரம் தள்ளி நின்று, ஒரு சாமானுக்கு பில் விடுபட்டது போலக் கிடக்கு, கொஞ்சம் உள்ளே வாங்க என்று கூப்பிட்டாள். வகுப்பெடுத்தவர் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பார். என்ன மரியாதையாகக் கூப்பிட்டு என்ன? தள்ளுவண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. சுகிர்தராணி முதலில் சிரித்தாள். பிறகு சப்ரீனாவுக்குப் பின்னால் நின்ற கிளிட்டஸைப் பார்த்து, இந்தத் தம்பிக்குத் தெரியும் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, பயமில்லாமல் கூட நடந்தாள். அவன்தான் பயந்துகொண்டு பின்னால் போனான்.

கார்டு ரூம் என்பது ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவர் நிறைய விதிகள். கௌஸ் முகைதீன் ராமநாதபுரத்துக்காரர், இருபத்திரண்டு வருஷம் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தாமல் கேட்டார். சுகிர்தராணியும் நடந்ததை நடந்தபடி சொன்னாள், நாத்தனார் கதை உட்பட. பில் எங்கே என்றார். அபுதாபியில் வாங்கியது, ரூமில் கிடக்கும், கிடக்காமலும் போகும், அவரைத்தான் கேட்க வேண்டும் என்றாள். கேளுங்கள் என்றார். பத்திநாதன் பிளாண்டுக்குள் இருந்தார், போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டருகே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஏழு மணிக்குத்தான் வெளியே வருவார். அவள் இரண்டு தடவை அடித்துப் பார்த்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது.

கௌஸ் முகைதீன் கம்ப்யூட்டரில் பார்த்தார். கணக்குப்படி அலமாரியில் மூன்று பெட்டி இருக்க வேண்டும், ஒன்றுதான் இருந்தது. அந்தக் கடையில் எந்தப் பொருளின் கணக்கும் என்றைக்கும் சரியாக இருந்ததில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கணக்கு அப்படித்தான் சொன்னது. வாசல் கேமராவையும் போட்டுப் பார்த்தார். அதில் கிளிட்டஸின் அகலமான முதுகு தெரிந்தது. கைப்பை அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"ஸ்டிக்கர் இல்லையேம்மா," என்றார்.

"நான்தான் சார் ஒட்டாண்டாம்னு சொன்னேன். இந்தத் தம்பிதான் வாசல்ல நின்னு. கேளுங்க. தம்பி, நீ கண்டேல்லா?"

கௌஸ் முகைதீன் நாற்காலியைத் திருப்பினார். அவர் மிரட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தலைக்கு மேலே அந்த விதி ஒட்டியிருந்தது, மேஜையில் விசா பட்டியல் இருந்தது, இரண்டையும் யாரும் கிளிட்டஸுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"பாத்தியாப்பா?" என்று கேட்டார்.

கிளிட்டஸின் மனதில் அந்த நேரம் அக்கா இல்லை, கடைச் சாமான் இல்லை. கறுப்புத் தண்ணீர்தான் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"கவனிக்கல்ல சார். அந்நேரம் ஆளு நெறைய இருந்து."

சுகிர்தராணி அவனையே பார்த்தாள். கோபப்படவில்லை. நோயாளி ஏதோ உளறினால் நர்ஸ்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள், இவனுக்கு என்ன ஆயிற்று என்று. இன்னொரு தடவை கேட்கப் போகிறாள் என்று அவன் பயந்தான். அவள் கேட்கவே இல்லை. கௌஸ் முகைதீன் அவனை வாசலுக்குப் போகச் சொன்னார்.

வாசலில் வந்து நின்றவன் பைகளைக் கட்டினான், ஸ்டிக்கர் ஒட்டினான், வருகிறவர்களுக்கெல்லாம் குட் ஈவினிங் சொன்னான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அவனுக்குத் தெரியாதது இதுதான். சின்னப் பொருளென்றால் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. பில் போடாமல் எடுத்தேன், இனி இந்தக் கடைக்குள் வரமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, எடுத்த பொருளை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி ஒரு போட்டோவுக்கு நின்றால் போலீஸைக் கூப்பிடமாட்டார்கள். போடாவிட்டால் கூப்பிடுவார்கள். கௌஸ் முகைதீன் அதை உபகாரமாகத்தான் சொன்னார். போலீஸ் என்றால் கேஸ் முடியும்வரை பாஸ்போர்ட் மாட்டிக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை விமானம் உங்களுக்காக நிற்காது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவள், புருஷன் வரும்வரை இருக்கிறேன் என்று முக்கால் மணி நேரம் மன்றாடினாள். அவ்வளவு நேரம் ஒருவரை வைத்திருக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை, கையெழுத்தா போலீஸா சொல்லுங்கள் என்றார். அதுவும் விதிதான்.

ஐந்து மணிக்குச் சப்ரீனா தண்ணீர் குடிக்கும் சாக்கில் வாசலுக்கு வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அந்தக்கா களவெடுக்கிற ஆள் இல்ல," என்றாள். "நான் இந்த வேலைக்கு வந்து எத்தன பேரப் பார்த்திருக்கன். எடுத்தவங்க கத்துவாங்க, இல்லாட்டி கால்ல விழுவாங்க. இவ உங்களப் பத்தி ஒரு சொல்லும் பேசல்ல. நீங்க கண்டீங்க தானே?"

கிளிட்டஸ் கையிலிருந்த ஸ்டிக்கர் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சப்ரீனா காத்திருந்தாள். பிறகு, வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன், பத்து நிமிஷம் என்று சொல்லி அவன் கையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை வாங்கிக்கொண்டாள்.

அவன் போனான். வெட்கமும் பயமும் இருந்தன, ஆனாலும் போனான். போனால் போகட்டும், வள்ளமென்றால் வள்ளம், பார்த்தேன் என்று சொல்லிவிடுவது என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். பிறந்ததிலிருந்து அவன் எடுத்த ஒரே தைரியமான முடிவு அது. அதற்கு ஒரு மணி நேரம் பிந்திவிட்டது.

கார்டு ரூமுக்கு வெளியே, சரக்கு இறக்குகிற பக்கத்து நடைபாதையில் சுகிர்தராணி தனியாக நின்றுகொண்டிருந்தாள். முன்வாசல் வழியாக அனுப்பினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று கௌஸ் முகைதீன் பின்வழியைக் காட்டியிருந்தார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அவன் வருகிற வேகத்தைப் பார்த்ததுமே எதற்கு வருகிறான் என்று தெரிந்துகொண்டாள். குறுக்கே வந்து நின்றாள்.

"போவாத. உள்ள போவாத."

"அக்கா, நான் சொல்லிருதேன். கண்டேன்னு சொல்லிருதேன்."

"நான் எழுதிக் குடுத்தாச்சு. எடுத்தேன்னு கையெழுத்துப் போட்டாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. நீ இப்ப போயி கண்டேன்னு சொன்னா ரெண்டுல ஒண்ணு பொய்யாவும். பின்ன போலீஸத்தான் கூப்பிடுவாவ. ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஆளு, பேசி வச்சு சொல்லுதாவன்னு சொல்லுவாவ." அவள் மூச்சு வாங்கினாள். "அப்பவே சொல்லியிருந்தா ஒனக்கு வேலை போயிருக்கும். இப்ப சொன்னா எனக்குப் போவும். பிள்ளையளப் பாத்து ஒண்ணரை வருசம் ஆச்சு. எனக்கு ஞாயித்துக்கிழமை போவணும். நீ ஒண்ணும் காணல்ல. அங்க சொன்னத இனி மாத்தப்பிடாது. கேட்டியா?"

அவன் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்ய முடியும்? உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மன்னிச்சிருங்கக்கா என்று சொல்ல வந்தான். அவள் அதற்கும் நிற்காமல், லாரிகள் நிற்கிற வெயிலுக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

அவன் வாசலுக்குத் திரும்பும் வழியில் கௌஸ் முகைதீன் கூப்பிட்டார். சென்ட் பெட்டியைக் கையில் கொடுத்து, அலமாரியில் வைத்துவிட்டு வா என்றார். மீட்ட பொருள் கடைக்குச் சேர்ந்தது. பத்திநாதன் தன் தங்கைக்கு வாங்கிய சென்ட்டை கிளிட்டஸ் கொண்டுபோய், தாள் கிழிந்த பெட்டிக்குப் பக்கத்தில் நேராக அடுக்கிவைத்தான். மறுநாள் பார்த்தபோது அது விற்றுப் போயிருந்தது. ரிப்போர்ட்டில் சாட்சி என்ற இடத்தில் அவன் பெயர் ஏறியது. அடுத்த வாரம் விசாவும் புதுப்பித்து வந்தது. விசா வந்த ராத்திரி ரூமில் எல்லோரும் அவனுக்குக் கை கொடுத்தார்கள், அவன் சோறு இறங்காமல் எழுந்துவிட்டான்.

போட்டோ கார்டு ரூமைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது விதி. விதிகளிலேயே அது ஒன்றைத்தான் யாரும் சுவரில் ஒட்டியிருக்கவில்லை. செக்யூரிட்டி கம்பெனியின் வாட்ஸ்அப் குரூப்பில் அது அன்றைக்கே வந்தது, நீலச் சுடிதாரோடு, நெஞ்சுக்கு நேரே பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பி. ஆஸ்பத்திரி கேட்டில் நிற்பதும் அதே கம்பெனியின் கார்டுகள்தான். சுகிர்தராணி ஊரில் நாத்தனார் இருவருக்கும் சோப்பும் சாக்லேட்டும் சமமாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தபோது, இங்கே அந்தப் படம் வார்டு வார்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

லீவு முடிந்து வந்தவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மருந்து அலமாரிச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது வருஷமாக அவள் இடுப்பில் கிடந்த சாவி. நர்ஸ்கள் உடை மாற்றுகிற அறையில் அவள் உள்ளே வந்தால் மற்றவர்கள் தங்கள் லாக்கரைப் பூட்டினார்கள். செப்டம்பரில் காண்ட்ராக்ட் முடிந்தது, இனி புதுப்பிக்கவில்லை என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. இதையெல்லாம் கிளிட்டஸ் சர்ச்சில் மற்றவர்கள் பேசக் கேட்டுத் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்திவிட்டான்.

சுகிர்தராணி ஊருக்கு ஒரேயடியாகப் போவதற்கு முந்தின சனிக்கிழமை பத்திநாதன் கடைக்கு வந்தார். சாமான் கட்ட அட்டைப் பெட்டியும் கயிறும் வாங்க வந்திருந்தார். அவள் வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில், காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கடைக்குள் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் அல்லவா? கண்ணாடிக் கதவு வழியாக கிளிட்டஸுக்கு அவள் தலை தெரிந்தது. பத்திநாதன் இளைத்துப் போயிருந்தார். கிளிட்டஸின் தோளில் கையைப் போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்கு அடி விழும் என்று கிளிட்டஸ் நினைத்தான். விழட்டும் என்றும் நினைத்தான், உண்மையில் அதற்காக அவன் மூன்று மாதமாகக் காத்திருந்தான்.

"அண்ணைக்கு நீ லீவுல இருந்தியாமே. அவ சொன்னா," என்றார் பத்திநாதன். "பில்லையும் நான் எங்கயோ தொலைச்சுட்டேன். நீ நின்னிருந்தா இப்பிடி ஆயிருக்காது. வேற எவனோ ஒருத்தன் நின்னானாம். பைய நல்லாப் பாத்துட்டு, காணல்லன்னு சொன்னானாம். பேரு தெரியாதுங்கா. ஒனக்குத் தெரியும்லா தம்பி, வாசல்ல நின்னவன் யாரு?"

கிளிட்டஸ் வெளியே பார்த்தான். சுகிர்தராணி காருக்குள்ளிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இவனைக் காப்பாற்றச் சொன்னாளா, அல்லது புருஷன் கைநீட்டி ஜெயிலுக்குப் போய்விடக் கூடாதே என்று சொன்னாளா? இரண்டாவதுதான் என்று அவனுக்கே தெரியும். நான்தான் அண்ணே என்று சொன்னால் இந்த மனுஷன் தன்னை இங்கேயே போட்டு மிதிப்பார், போலீஸ் வரும், அந்தக் குடும்பத்துக்கு இருக்கிற ஒரு சம்பளமும் போகும். சொல்லாமல் இருப்பதற்கு இந்தத் தடவை நியாயமான காரணம் இருந்தது. நியாயமான காரணம் அவனுக்கு ஒவ்வொரு தடவையும் இருந்தது.

"அவன் ஊருக்குப் போயிருக்கான் அண்ணே," என்றான். "லீவுல."

"வந்தா எனக்குச் சொல்லு. ஒண்ணும் செய்ய மாட்டேன். ஏன் அப்பிடிச் சொன்னன்னு மட்டும் கேக்கணும்."

சுகிர்தராணி போய்விட்டாள். பத்திநாதன் இப்போது தனி ஆள், கேம்பில் இரண்டு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறார். சனிக்கிழமை தோறும் ஒரு வாரத்துக்கு வேண்டிய முட்டையும் வெங்காயமும் வாங்க வருவார். வாசலில் நின்று, கிளிட்டஸின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் சுகம் சொல்லி, அவன் சுகம் கேட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"வந்துட்டானா?"

"இன்னும் வரல்ல அண்ணே," என்பான் கிளிட்டஸ். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்.